முதல் பைக்: ஓட்டிப் பார்க்கும் முன் தள்ளிப் பாருங்கள்

கேள்வி: அண்ணா, எனக்கு வயது 22. உயரம் ஐந்தடி நான்கு அங்குலம், எடை 58 கிலோ. வீடு கடலூர் மஞ்சக்குப்பத்தில். புதுச்சேரி மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையில் வேலை கிடைத்திருக்கிறது. ஒரு வழிக்கு 27 கி.மீ. இதுவரை சைக்கிளும் அக்காவின் ஸ்கூட்டரும்தான் ஓட்டியிருக்கிறேன். அப்பா ஸ்ப்ளெண்டர் வாங்கச் சொல்கிறார். நண்பர்களோ 350 சி.சி.க்குக் கீழே இறங்காதே என்கிறார்கள். கையில் ஒன்றேகால் லட்சம் இருக்கிறது, மீதிக்குக் கடன் வாங்கலாம். மாமா புதுச்சேரியில் இருப்பதால் அவர் முகவரியில் பதிவு செய்தால் வரி மிச்சமாகுமா? பழைய வண்டி வாங்கலாமா?

பதில்: தம்பி, அப்பா சொன்னதையும் நண்பர்கள் சொன்னதையும் கொஞ்ச நேரம் ஓரமாக வையுங்கள். கடைக்குப் போய் உங்களுக்குப் பிடித்த வண்டியைச் சைடு ஸ்டாண்டிலிருந்து நிமிர்த்துங்கள். எஞ்சினைக் கிளப்ப வேண்டாம். உட்கார்ந்தபடியே காலால் உந்திப் பத்தடி பின்னால் கொண்டுபோங்கள். பிறகு இறங்கி, ஹேண்டில்பாரைப் பிடித்துத் தள்ளிக்கொண்டே ஒரு சின்ன வட்டம் அடியுங்கள். சென்டர் ஸ்டாண்டு இருந்தால் அதையும் போட்டுப் பாருங்கள். விற்பனையாளர் ஓடிவந்து தாங்கிப் பிடிக்காமல் இவ்வளவையும் செய்துவிட்டீர்கள் என்றால் அந்த வண்டியைப் பற்றி மேலே பேசலாம். முடியவில்லையா, அது உங்களுடைய இரண்டாவது வண்டி. இப்போது வேண்டாம்.

திருப்பாதிரிப்புலியூரில் 26 ஆண்டுகளாகப் பட்டறை வைத்திருக்கிறேன். புதிதாக ஓட்டக் கற்றவர்களின் வண்டி பழுதுக்கு வந்தால் பார்த்தவுடன் தெரிந்துவிடும். கிளட்ச் லீவரின் நுனி வளைந்திருக்கும், ஒரு பக்கத்து இண்டிகேட்டர் தொங்கும், கால் வைக்கும் ஃபுட்ரெஸ்ட் ரப்பர் தேய்ந்து மேல்நோக்கி மடங்கியிருக்கும். வேகத்தில் விழுந்த வண்டி இப்படி இருக்காது. நின்ற இடத்திலோ, திரும்பும்போதோ, சாலையோரத்தில் நிறுத்தும்போதோ சாய்ந்துவிட்ட வண்டியின் அடையாளங்கள் இவை. கற்றுக்கொள்ளும் முதல் ஆறு மாதத்தில் உங்களைச் சோதிக்கப்போவது நடக்கும் வேகம்தான். நூறு கிலோமீட்டர் வேகம் பற்றிய பேச்சையெல்லாம் டீக்கடையிலேயே விட்டுவிடுங்கள்.

ஒன்று சொல்கிறேன். முள்ளோடையில் புதுச்சேரி எல்லை தொடங்குகிறது அல்லவா, பெட்ரோல் விலை அந்தப் பக்கம் சில ரூபாய் குறைவு என்பதால் கடலூர் வண்டிகள் பங்கில் வரிசை கட்டி நிற்கும். ஒருநாள் எனக்கு முன்னால் உங்கள் வயதுப் பையன் ஒருவன், புத்தம் புதிய 350-உடன் நின்றான். கைப்பிடியில் கட்டிய பூமாலைகூட இன்னும் வாடவில்லை. வரிசை நகர்ந்தது, அவனும் காலால் உந்தி முன்னே வந்தான். தரையில் டீசல் சிந்தியிருந்த இடத்தில் வலது கால் ஊன்றியது, செருப்பு வழுக்கியது. வண்டி ஒரு சாண் சாய்ந்தது. அந்த ஒரு சாணிலேயே பிடித்து நிறுத்தியிருக்க வேண்டும், அவனால் முடியவில்லை. மெதுவாக, அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டே படுப்பதுபோல் வண்டி சாய்ந்து அவன் முழங்காலுக்குக் கீழே விழுந்தது. லெக் கார்டு இருந்ததால் எலும்பு தப்பியது, சைலன்சர் பட்ட இடம் மட்டும் வெந்துவிட்டது. தூக்கி நிறுத்த மூன்று பேர் வேண்டியிருந்தது. வேகம் என்று பார்த்தால் பூஜ்ஜியம்.

கணக்கைப் பார்த்தால் புரியும். ராயல் என்ஃபீல்டு கிளாசிக் 350-இன் எடை 195 கிலோ, இருக்கை உயரம் 80.5 செ.மீ. அதே நிறுவனத்தின் ஹண்டர் 181 கிலோ. ஸ்ப்ளெண்டர் பிளஸ் 112 கிலோ, இருக்கை 78.5 செ.மீ. ஹோண்டா ஷைன் 125 ஏறக்குறைய 113 கிலோ. டி.வி.எஸ். ரைடர் 123 கிலோ. உங்கள் எடை 58. அதாவது கிளாசிக் உங்களைப்போல் மூன்று மடங்குக்கும் மேல், ஷைன் இரண்டு மடங்குக்குக் கொஞ்சம் குறைவு. இருக்கை உயரத்தில் இரண்டு செ.மீ. வித்தியாசம் தாளில் ஒன்றுமில்லை. ஆனால் அகலமான இருக்கையில் உட்கார்ந்தால் தொடை விரிந்து கால் இன்னும் குட்டையாகிவிடும், நுனிவிரலில் நிற்க வேண்டிவரும். எனவே விளம்பரத் தாளில் உள்ள உயரத்தை நம்பாமல், நீங்கள் அன்றாடம் போடும் ஷூவைப் போட்டுக்கொண்டு போய் உட்கார்ந்து பாருங்கள். இரண்டு பாதங்களின் முன்பகுதியாவது தரையில் அழுந்த வேண்டும்.

350 மோசமான வண்டி என்று சொல்லவில்லை. நானே ஒன்று வைத்திருக்கிறேன், நீண்ட பயணத்துக்கு அதைப்போல் நிதானம் வேறெதிலும் எனக்குக் கிடைத்ததில்லை. உங்கள் நண்பர்களின் யோசனைக்கு விலையும் ஒரு காரணமாக இருக்கும்: 2025 செப்டம்பர் 22 முதல் 350 சி.சி. வரையிலான வண்டிகளுக்கு ஜி.எஸ்.டி. 28 சதவீதத்திலிருந்து 18 ஆகக் குறைந்தது. எட்டாத உயரத்தில் இருந்த வண்டி எட்டும் தூரத்துக்கு வந்தால் ஆசை வரத்தான் செய்யும். ஆனால் நீங்கள் தினமும் போகப்போகும் வழியை யோசியுங்கள். தென்பெண்ணைப் பாலம் தாண்டி ரெட்டிச்சாவடி, கன்னியக்கோவில், கிருமாம்பாக்கம், தவளக்குப்பம் வரை வண்டி ஓடும். அரியாங்குப்பத்தில் நெரிசல் தொடங்கும். மரப்பாலம் சிக்னலிலும் இந்திரா காந்தி சதுக்கத்திலும் பேருந்துக்கும் ஆட்டோவுக்கும் நடுவில் ஹாஃப் கிளட்சில், அதாவது கிளட்சைப் பாதி பிடித்தபடியே, அங்குலம் அங்குலமாக நகர வேண்டியிருக்கும். புதிதாக ஓட்டுகிறவனுக்கு இடது மணிக்கட்டு வலிப்பது அங்கேதான், வண்டி பொசுக்கென்று அணைந்துபோவதும் அங்கேதான். பின்னால் ஹாரன் அடிக்க அடிக்கக் கைகால் உதறும். அந்த நேரத்தில் உங்கள் தொடைகளுக்கு நடுவே 113 கிலோ இருப்பதற்கும் 195 கிலோ இருப்பதற்கும் உள்ள வேறுபாட்டை எந்த விளம்பரமும் சொல்லாது.

அப்படியானால் அப்பா சொல்லும் ஸ்ப்ளெண்டர்தானா என்றால், அதிலும் ஒரு குறை இருக்கிறது. நகரத்துக்குள்ளேயே சுற்றுகிறவராக இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு வாங்கச் சொல்லிவிடுவேன். உங்களுக்கோ பாதி வழி நெடுஞ்சாலை. 100 சி.சி. வண்டி 60-இல் சுகமாக ஓடும். அங்கிருந்து ஒரு லாரியைத் தாண்ட வேண்டுமென்றால் மூச்சு வாங்கும்.  ஆகவே என் தேர்வு 125 சி.சி.; முன்சக்கரத்தில் டிஸ்க் பிரேக்கும் டியூப்லெஸ் டயரும் உள்ள வகை. ஷைன், ரைடர், ஹீரோ எக்ஸ்ட்ரீம் 125ஆர், இந்த மூன்றையும் ஒருநாளில் பார்த்துவிடுங்கள். அடிப்படை வகையில் சில ஆயிரம் குறைத்து டிரம் பிரேக் கொடுப்பார்கள். அந்தச் சேமிப்பு வேண்டாம்.

பிரேக் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும். 2019 ஏப்ரலிலிருந்து 125 சி.சி.க்கு மேற்பட்ட எல்லா வண்டிகளிலும் ஏ.பி.எஸ். கட்டாயம், 125 வரை சி.பி.எஸ். இருந்தால் போதும் என்று விதி வந்தது. சந்தையில் 124.8, 123.9 என்று எஞ்சின் அளவுகள் அந்தக் கோட்டுக்குச் சற்றுக் கீழே உட்கார்ந்திருப்பதைக் கவனித்திருப்பீர்கள். சி.பி.எஸ். என்பது பின் பிரேக்கை மிதித்தால் முன் பிரேக்கும் கொஞ்சம் சேர்ந்து பிடிக்கும் ஏற்பாடு. ஏ.பி.எஸ். வேறு, சக்கரம் பூட்டிக்கொண்டு சறுக்காதபடி பிடித்துப் பிடித்து விடும். மழையிலும் மணலிலும் இதன் அருமை தெரியும். 125-இலேயே ஒற்றைச் சேனல், அதாவது முன்சக்கரத்துக்கு மட்டுமான, ஏ.பி.எஸ். கிடைக்கும் வகை எக்ஸ்ட்ரீம் 125ஆரில் உண்டு. எடை 136 கிலோ, தள்ளும் சோதனையில் தேறினால் அதற்குத்தான் என் ஓட்டு. கடன் கொஞ்சம் கூடினாலும் பரவாயில்லை என்றால் யமஹா எஃப்.இசட். போன்ற 150 சி.சி. வண்டியும் அதே எடையில் அமையும்.

முன் பிரேக்கைத் தொட்டால் குப்புற விழுந்துவிடுவோம் என்று சைக்கிள் காலத்திலிருந்து ஒரு பயம் நம் ஆட்களுக்கு. பிரேக் பிடித்தவுடன் எடை முழுவதும் முன்சக்கரத்தின் மேல் சாய்கிறது, வண்டியை நிறுத்தும் பிடிமானம் பெரும்பகுதி அங்கேதான் இருக்கிறது. பின் பிரேக்கை மட்டும் மிதித்துப் பழகியவன் அவசரத்தில் பின்சக்கரத்தை இழுத்துக்கொண்டு போவான். 60-இல் போகும் வண்டி ஒரு நொடிக்கு ஏறக்குறைய 17 மீட்டர் ஓடுகிறது. 40-இல் நிற்பதற்கு ஆகும் பிரேக் தூரத்தைப்போல் இரண்டேகால் மடங்கு 60-இல் ஆகும். ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை, கிரிக்கெட் ஆடுகிறவர்கள் வருவதற்கு முன் மஞ்சக்குப்பம் மைதானத்துக்குப் போங்கள். 20-இல் போய் இரண்டு பிரேக்கையும் சேர்த்து மெதுவாக அழுத்தி நிறுத்துங்கள். பிறகு 30. நேராகப் போகும்போது மட்டும். திருப்பத்தில், மணல்மேல், முன் பிரேக்கைப் பிடிக்காதீர்கள்.

அதைப் பிடித்தவன் நான். 1997-இல் பழைய யமஹா ஆர்.எக்ஸ். 100 ஒன்று வாங்கினேன். அதற்கு முன் எனக்குத் தெரிந்ததெல்லாம் அப்பாவின் மொபெட். வெள்ளி கடற்கரைக்குப் போகும் தேவனாம்பட்டினம் சாலையில், மாலை நேரம், வளைவில் காற்று கொண்டுவந்து போட்ட மணல். சாய்ந்த நிலையில் முன் பிரேக்கை இறுக்கினேன். அடுத்து நினைவிருப்பது வாய்க்குள் மணல் கரகரத்தது. காறை எலும்பு முறிந்து ஆறு வாரம் கையைத் தொங்கப் போட்டுக்கொண்டு திரிந்தேன். அந்த வண்டியின் சக்தி 11 குதிரைத்திறன். இன்றைய ஷைனும் ஏறக்குறைய 10.7. எண் ஒன்றுதான், குணம் வேறு. பழைய டூ ஸ்ட்ரோக் வண்டி தூங்கிக்கொண்டே இருந்துவிட்டுத் திடீரென்று பாயும்; இப்போதைய 125 முறுக்கிய அளவுக்குத்தான் நகரும். யாராவது குதிரைத்திறன் கணக்கை மட்டும் சொல்லி இது சின்ன வண்டி, இது பெரிய வண்டி என்று வாதிட்டால், சிரித்துக்கொண்டு கேட்டுக்கொள்ளுங்கள்.

பணத்துக்கு வருவோம். தினம் 54 கி.மீ., மாதம் 25 நாள் என்றால் 1,350 கி.மீ. ஆகிறது. 125 வண்டி லிட்டருக்கு 55 கொடுத்தால் மாதம் 25 லிட்டர் போதும். 350 வண்டி 35 கொடுத்தால் 39 லிட்டர். லிட்டர் நூறு ரூபாய் என்று வைத்தாலும் மாதம் 1,400 ரூபாய் வித்தியாசம், கடன் தவணையில் ஒரு பகுதி. காப்பீட்டிலும் ஒரு படிக்கட்டு இருக்கிறது: புது வண்டிக்கு ஐந்தாண்டு மூன்றாம் நபர் காப்பீடு கட்டாயம், 2022 ஜூனில் நிர்ணயித்த கட்டணத்தின்படி 75 முதல் 150 சி.சி. வரை 3,851 ரூபாய், 150-ஐத் தாண்டி 350 வரை 7,365 ரூபாய். ஷோரூம் விலைக்கு மேல் இவற்றையெல்லாம் சேர்த்த ஆன்-ரோடு விலையைத் தாளில் எழுதி வாங்குங்கள். தமிழ்நாட்டில் 2023 நவம்பர் முதல் ஆயுள் வரி ஒரு லட்சம் வரையிலான புது வண்டிக்கு 10 சதவீதம், அதற்கு மேல் 12 சதவீதம்.

மாமா முகவரி விஷயத்துக்கு இதுதான் காரணம் என்று தெரிகிறது. புதுச்சேரியில் வரி குறைவு என்பது உண்மை, மஞ்சக்குப்பம் கடைத்தெருவில் பி.ஒய். 01 எண் பலகைகள் நிறைய இருப்பதும் உண்மை. ஆனால் மோட்டார் வாகனச் சட்டப்படி வேறு மாநிலத்துப் பதிவுள்ள வண்டியை 12 மாதங்களுக்கு மேல் இங்கே வைத்திருந்தால் இங்கே மறுபதிவு செய்ய வேண்டும். அதற்கு அங்கே தடையில்லாச் சான்று, இங்கே மறுபடியும் வரி என்று அலைய வேண்டும். நீங்கள் குடியிருப்பது கடலூரில், இரவில் வண்டி நிற்பதும் கடலூரில். டி.என். 31 வாங்கிவிட்டு நிம்மதியாக இருங்கள்.

பழைய வண்டி வாங்கலாம், தாராளமாக. முதல் வண்டி நாலு தடவை கீழே விழும், அது பழையதாக இருந்தால் மனசு வலிக்காது. ஆனால் நம் ஊரில் ஒரு தனி ஆபத்து உண்டு. 2024 நவம்பர் 30-ஆம் தேதி ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தபோது ஒரே நாளில் 48 செ.மீ. அளவுக்கு மழை கொட்டியது. அடுத்த சில நாட்களில் தென்பெண்ணை பெருக்கெடுத்துக் கடலூர்ப் பக்கம் ஊருக்குள் புகுந்தது. இரண்டு பக்கமும் எத்தனையோ வண்டிகள் இருக்கை வரை நீரில் நின்றன. அவற்றில் பல துடைத்து, பாலிஷ் போட்டு, கை மாறியிருக்கின்றன. ஹெட்லைட்டைக் கழற்றச் சொல்லிப் பாருங்கள். உள்ளே ஒயர் இணைப்புகளில் பச்சை பூத்திருந்தால், டூம் எனும் ஹெட்லைட் கூட்டின் ஓரத்தில் வண்டல் கோடு இருந்தால், கும்பிடு போட்டுவிட்டு வந்துவிடுங்கள். இருக்கையைத் தூக்கி அடியில் உள்ள போல்ட்டுகளையும் பாருங்கள். கடற்கரையோர வீடுகளில் நின்ற வண்டி உப்புக்காற்றில் செயின், ஸ்போக், சைலன்சரின் அடிப்பக்கம் என்று அரித்திருக்கும். மேலே பெயின்ட் மட்டும் மினுமினுக்கும்.

பார்க்கப் போகும்போது நீங்கள் வருவது தெரிந்து எஞ்சினைச் சூடாக்கி வைத்திருப்பார்கள். முதலில் எஞ்சின்மேல் புறங்கையை வைத்துப் பாருங்கள். சூடாக இருந்தால் டீ குடித்துவிட்டு வருகிறேன் என்று ஒரு மணி நேரம் கழித்துப் போங்கள். ஆறின எஞ்சின் எப்படிக் கிளம்புகிறது, நீலப்புகை வருகிறதா என்பதுதான் முக்கியம். முன்சக்கரத்தை லேசாகத் தூக்கி ஹேண்டில்பாரை இடமும் வலமும் திருப்பினால் நடுவில் எங்கேயாவது தட்டி நிற்கக்கூடாது. நின்றால் கோன்செட், அதாவது ஹேண்டில்பார் திரும்பும் இடத்து பேரிங், போய்விட்டது. டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் இருக்கும். 2319 என்றிருந்தால் 2019-ஆம் ஆண்டின் 23-வது வாரம் செய்த டயர். பட்டன் நன்றாக இருந்தாலும் ஆறேழு வருடத்து ரப்பர் கல்லாகியிருக்கும், அதை மாற்றும் செலவை விலையில் கழியுங்கள். சேசிஸ் எண்ணை ஆர்.சி.யோடு நீங்களே ஒப்பிடுங்கள். கடனில் வாங்கிய வண்டி என்றால், கடன் தீர்ந்ததற்கு வங்கியின் சான்றும் படிவம் 35-ம் கேளுங்கள். பெயர் மாற்றத்துக்குப் படிவம் 29, 30. “பெயரை அப்புறம் மாற்றிக்கொள்ளலாம்” என்கிறவரிடம் பணத்தையும் அப்புறமே கொடுக்கலாம்.

இதற்கெல்லாம் முன்னால் உரிமம். எல்.எல்.ஆர். எனும் பழகுநர் உரிமம் எடுத்து 30 நாள் கழித்துத்தான் தேர்வுக்குப் போக முடியும், அது ஆறு மாதம் செல்லும். அதை மட்டும் வைத்துக்கொண்டு தனியாக வேலைக்கு ஓட்டிப் போக முடியாது. உரிமம் உள்ளவர் பயிற்றுநராகக் கூட இருக்க வேண்டும். ஆகவே முதல் ஒன்றிரண்டு மாதம் பஸ்ஸில் போங்கள், கடலூர்–புதுச்சேரிக்குப் பேருந்துக்கா பஞ்சம்? அந்த நாட்களில் அப்பாவின் நண்பர் யாருடையதாவது பழைய 100 சி.சி.யில் மைதானத்தில் எட்டு போட்டுப் பழகுங்கள். உரிமம் கைக்கு வந்த பிறகு ஒரு காரியம் செய்யலாம். இதை ஏன் யாரும் செய்வதில்லை என்று எனக்குப் புரிவதேயில்லை. புதுச்சேரியில் சுற்றுலாப் பயணிகளுக்கு வண்டி வாடகைக்கு விடும் கடைகள் தெருவுக்குத் தெரு இருக்கின்றன. கறுப்புப் பலகையில் மஞ்சள் எழுத்துள்ள வண்டிகள் அவைதான். வாங்க நினைக்கும் வகையை ஒருநாள் வாடகைக்கு எடுத்து, வேலைக்குப் போகும் அதே நேரத்தில், அதே வழியில் ஒருமுறை போய் வாருங்கள். கடைக்காரர் கொடுக்கும் ஐந்து நிமிட ஓட்டத்தில் தெரியாத முதுகுவலி அதில் தெரியும். ஆசை தீராவிட்டால் 350-ஐயும் ஒருநாள் எடுத்துப் பாருங்கள், தடுக்கமாட்டேன்.

இரவுப் பணி இருந்தால் ஹெட்லைட் வெளிச்சத்தையும் கவனித்து வாங்குங்கள். கரும்பு ஏற்றிய டிராக்டர்கள் பின்விளக்கே இல்லாமல் போகும் பருவம் நம் மாவட்டத்தில் நீண்டது. தலைக்கவசத்துக்கு ஐ.எஸ். 4151 முத்திரை பாருங்கள். பட்டையை மாட்டிக்கொண்டு தலையை உதறினால் கவசம் தனியாக ஆடக்கூடாது. ஒன்றேகால் லட்சத்தில் அதற்கும் ஒரு ஜோடி ஷூவுக்கும் நான்காயிரம் முதலிலேயே எடுத்து வைத்துவிடுங்கள், மிச்சத்தில் வண்டி.

வண்டி எடுக்கும் நாளில், மாலை போட்டு எலுமிச்சம்பழம் நசுக்கியதும் நீங்களே வீட்டுக்கு ஓட்டிவர ஆசைப்படுவீர்கள். புது டயர் முதல் நூறு கிலோமீட்டர் வரை வழவழப்பாக இருக்கும், கூட்டம் வேறு சுற்றி நின்று பார்க்கும். அன்றைக்கு மட்டும் பழகிய ஒருவரை ஓட்டச் சொல்லி நீங்கள் பின்னால் உட்கார்ந்து வாருங்கள். மறுநாள் காலை ஐந்தரை மணிக்கு, சாலை காலியாக இருக்கும்போது, சாவியை எடுத்துக்கொள்ளுங்கள்.